எல்லையோர வீடும் பதினைந்து பிள்ளைகளும்

பண்டார் உத்தாமாவில் உள்ள தமிழ்ப்பள்ளிக்கு எஃபிங்காம் என்று பெயர். சுபாங் ஜெயாவில் இருப்பது சீஃபீல்ட் தமிழ்ப்பள்ளி. ஷா ஆலாமில் மிட்லண்ட்ஸ், பூச்சோங்கில் காசல்பீல்ட், பெட்டாலிங் ஜெயாவில் சீபோர்ட். வெள்ளைக்காரத் துரைகள் தங்கள் ரப்பர்த் தோட்டங்களுக்கு வைத்த பெயர்கள் இவை. பால்மரங்கள் வெட்டப்பட்டுவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. அந்த நிலத்தில் இரட்டை மாடி வீடுகளும் பேரங்காடிகளும் நெடுஞ்சாலைகளும் எழும்பிவிட்டன. தோட்டத்தின் பெயர் மட்டும் பள்ளியின் பெயர்ப்பலகையில் தங்கிவிட்டது.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு வாங்கப் புறப்படும் தமிழ்க் குடும்பம் முதலில் விரித்துப் பார்க்க வேண்டியது இந்தப் பெயர்களின் வரைபடத்தைத்தான். வீட்டின் விலையையும் வங்கிக் கடனையும் மதிப்பீட்டு வரியையும் நாம் ஒரு காசு பிசகாமல் கணக்குப் போடுகிறோம். கோலாலம்பூர்ப் பக்கமா, சிலாங்கூர்ப் பக்கமா, எந்த ஊராட்சி மன்றத்தில் வரி குறைவு என்று உறவினர் நால்வரிடம் கேட்கிறோம். பள்ளிக்கூடத்தைப் பற்றிய பேச்சு, சாவி கைக்கு வந்து பாலும் காய்ச்சிய பிறகுதான் வருகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பதைக் காட்டவே இந்தக் கட்டுரை.

இந்த வரிசை எப்படி வந்தது என்பதற்கு வரலாற்றில் ஒரு காரணம் இருக்கிறது. கோலாலம்பூரையும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்த ரயில்பாதை 1886இல் திறக்கப்பட்டது. ரயில்வேயில் வேலைக்கு வந்த தமிழர்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். 1905ஆம் ஆண்டைச் சேர்ந்த நூறு வீட்டுக் குடியிருப்பு அவற்றில் புகழ்பெற்றது. அதுவும் இன்று இல்லை. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு லயம். இரண்டு இடத்திலும் வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. பள்ளியும் அப்படித்தான் வந்தது. ஏழு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. வேலை, வீடு, பள்ளி, கோயில் எல்லாம் ஒரே வேலிக்குள் இருந்தன. எந்த எல்லைக்கு இந்தப் பக்கம் வீடு வாங்குவது என்று யோசிக்க வேண்டிய தேவை நம் தாத்தா பாட்டிகளுக்கு வரவே இல்லை. யோசிக்கும் வாய்ப்பும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

தோட்டம் போனபோது அந்த ஒற்றை வேலி மூன்று கோடுகளாகப் பிரிந்தது. வரிக்கு ஒரு கோடு, பள்ளிக்கு ஒரு கோடு, வேலைக்கு ஒரு கோடு. இவை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை. நாம் அவற்றைக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலில் வரிக்கோடு. கோலாலம்பூர் ஒரு காலத்தில் சிலாங்கூரின் தலைநகர். 1974 பிப்ரவரி 1 அன்று அது கூட்டரசு பிரதேசமாகச் சிலாங்கூரிலிருந்து பிரிக்கப்பட்டது. ஏறத்தாழ 243 சதுர கிலோமீட்டர் நிலம் கைமாறியது. கூட்டரசு நெடுஞ்சாலையில் கோலாலம்பூரிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்குப் போகும்போது தலைக்குமேல் வரும் கோத்தா டாருல் ஏசான் வளைவு அந்தப் பிரிவின் நினைவுச் சின்னம். வளைவுக்குக் கீழே ஓடும் காரில் இருப்பவருக்கு ஓர் ஆட்சியை விட்டு இன்னொன்றுக்குள் நுழைகிறோம் என்ற உணர்வே இராது.

வளைவு இல்லாத இடங்களில் குழப்பம் இன்னும் அதிகம். செராஸ் என்று சொன்னால் எந்தச் செராஸ் என்று திருப்பிக் கேட்க வேண்டும். தாமான் கன்னாட் கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்கு உட்பட்டது. அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போய் ஒன்பதாம் கல்லுக்கு வந்தால் உலு லங்காட் மாவட்டம், காஜாங் நகராண்மைக் கழகம். கெப்போங்கும் அம்பாங்கும் இப்படியே இரண்டாகக் கிடக்கின்றன. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் கோலாலம்பூரில் இருக்கிறது, அதை ஒட்டிய பண்டார் உத்தாமா பெட்டாலிங் ஜெயாவில். ஸ்ரீ பெட்டாலிங்குக்குப் பெயரில் பெட்டாலிங் இருந்தாலும் அது கோலாலம்பூர். பூச்சோங் முழுவதும் சிலாங்கூர்தான், ஆனால் அதன் ஒரு பகுதி சுபாங் ஜெயா மாநகர் மன்றத்தின் கீழும் மற்றொரு பகுதி சிப்பாங் நகராண்மைக் கழகத்தின் கீழும் வருகிறது. விற்பனை விளம்பரத்தில் போட்டிருக்கும் ஊர்ப்பெயரை நம்பக் கூடாது. நிலப்பட்டாவையும் பழைய மதிப்பீட்டு வரி ரசீதையும் கேட்டு வாங்கிப் பார்த்தால்தான் வீடு எந்த ஆட்சிக்குள் இருக்கிறது என்பது தெரியும்.

சரி, கோட்டின் இரு பக்கமும் என்ன வரி? வீட்டுக்காரர் ஆண்டுதோறும் கட்டுவது இரண்டு. ஒன்று நில வரி. அது மாநில அரசுக்குப் போகிறது, கோலாலம்பூரில் கூட்டரசு பிரதேச நில அலுவலகத்துக்கு. சிலாங்கூரில் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் 2018 முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக இதைக் கட்டுகிறார்கள். மற்றொன்று மதிப்பீட்டு வரி. மலாயில் சுக்காய் பிந்து, அதாவது கதவு வரி. பிப்ரவரி முடிவதற்குள் ஒரு பாதி, ஆகஸ்டு முடிவதற்குள் மறுபாதி. இது ஊராட்சி மன்றத்துக்குச் சேரும் பணம். தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, பூங்கா எல்லாம் இதில்தான் நடக்கின்றன.

1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் மதிப்பீட்டு வரிக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. வீட்டின் ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டு மதிப்பு என்பது அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு வரும் என்ற மதிப்பீடு. நடைமுறையில் கேட்கப்படும் விகிதம் இந்த உச்சவரம்புக்கு வெகு கீழே இருக்கிறது. ஆனால் விகிதத்தை மட்டும் வைத்து இரு மன்றங்களை ஒப்பிடுவது பலரும் செய்யும் பிழை. விகிதம் ஒரு பாதிதான். மதிப்பு எந்த ஆண்டில் போடப்பட்டது என்பது மறு பாதி.

இதற்கு நல்ல சான்று கோலாலம்பூரிலேயே இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கடைசியில் மாநகர் மன்றம் வீட்டு மதிப்புகளைத் திருத்தி அறிவிப்பு அனுப்பியது. அதற்கு முன்பு திருத்தியது 1992இல். இருபத்தோரு ஆண்டு இடைவெளியில் வாடகைகள் எங்கேயோ போயிருந்தன. அறிவிப்பைக் கண்டு மக்கள் கொதித்தார்கள், ஆட்சேபக் கடிதங்கள் குவிந்தன. கடைசியில் குடியிருப்பு வீடுகளுக்கான விகிதம் 6 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. விகிதம் குறைந்தது என்ற செய்தியைக் கேட்டு நிம்மதி அடைந்தவர்கள் ரசீதைப் பார்க்க வேண்டியிருந்தது. பழைய ஆண்டு மதிப்பு 6,000 வெள்ளி (ரிங்கிட்) என்றால் 6 விழுக்காட்டில் வரி 360 வெள்ளி. புதிய மதிப்பு 18,000 வெள்ளி என்றால் 4 விழுக்காட்டில் 720 வெள்ளி. இந்த எண்களை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டேன். கணக்கு நடக்கும் விதம் இதுதான்: விகிதம் இறங்கும், வரி இரு மடங்காகும்.

சட்டப்படி மதிப்புப் பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், மாநில ஆட்சி இசைந்தால் அந்தக் காலத்தை நீட்டிக்கலாம். நீட்டித்து நீட்டித்தே பல மன்றங்கள் பத்தாண்டுகளைக் கடத்தின. சிலாங்கூரிலும் அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஊராட்சி மன்றங்கள் 2025 முதல் மதிப்பீட்டு வரியைத் திருத்தின, ஏற்றம் 25 விழுக்காட்டைத் தாண்டாது என்று மாநில அரசு அறிவித்தது. ஆகவே எல்லைக்கு அந்தப் பக்கம் வரி குறைவு என்று ஒருவர் சொன்னால், அந்தக் குறைவு பழைய பட்டியலால் வந்ததா என்று கேட்க வேண்டும். பழைய பட்டியலால் வந்த மலிவு ஒரு நாள் ஒரே கடிதத்தில் தீர்ந்துவிடும். அந்தக் கடிதம் வந்தால் பேசாமல் இருந்துவிடவும் கூடாது. ஆட்சேபிக்கச் சட்டம் கால அவகாசம் தருகிறது, கூட்டுச்சுவர்க்காரரின் மதிப்போடு உங்கள் மதிப்பை ஒப்பிட்டு எழுத்தில் கேட்கலாம்.

இவ்வளவு சொன்னாலும், சாதாரண இணைப்பு வீட்டுக்கு இரு பக்கத்து மதிப்பீட்டு வரிக்கும் இடையே வரும் வேறுபாடு பெரும்பாலும் ஆண்டுக்குச் சில நூறு வெள்ளிக்குள் அடங்கிவிடும். அடுக்குமாடி வீடு என்றால் பராமரிப்புக் கட்டணத்தின் முன்னால் அது தூசு. ஆயிரம் சதுர அடிக்கு அடி ஒன்றுக்கு 30 காசு வைத்தால் மாதம் 300, ஆண்டுக்கு 3,600 வெள்ளி. அதற்கு மேல் பத்து விழுக்காடு சேமிப்பு நிதி. பெரிய வரியான முத்திரை வரியோ எல்லை பார்ப்பதில்லை, அது கூட்டரசுக்குப் போகிறது. 500,000 வெள்ளி வீட்டுக்கு முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, மீதி நான்கு லட்சத்துக்கு 2 விழுக்காடு, ஆகமொத்தம் 9,000 வெள்ளி. செராஸில் கோட்டின் எந்தப் பக்கம் வாங்கினாலும் இதே 9,000தான். அந்த விலைவரை முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு 2021 முதல் இந்த வரியில் விலக்கும் கிடைத்து வருகிறது.

வரியைவிட ஆட்சிமுறையில் உள்ள வேறுபாடு கனமானது. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதனால் எந்தப் பக்கத்திலும் வரி கட்டுபவர் தம் மன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதில்லை. சிலாங்கூர்க்காரருக்குச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவராவது உண்டு. மன்ற உறுப்பினர்களை நியமிக்கும் மாநில அரசை அவர் வாக்களித்து மாற்ற முடியும். கோலாலம்பூர்வாசிக்குச் சட்டமன்றமே கிடையாது, பதினொரு நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றில் ஒரு வாக்கு மட்டுமே. மாநகர் மன்றத் தலைவர் நியமிக்கப்படுபவர், கூட்டரசுக்குப் பதில் சொல்பவர். குப்பை வாரும் ஏற்பாடுகூடக் கோட்டில் மாறுகிறது. கோலாலம்பூர் 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தை ஏற்று அந்தப் பொறுப்பைக் கூட்டரசிடம் விட்டது. சிலாங்கூர் அந்தச் சட்டத்தில் சேரவில்லை, தன் மாநில நிறுவனத்தின் வழியே குப்பையை எடுக்கிறது.

இனிப் பள்ளிக்கோட்டுக்கு வருவோம். நகர எல்லையோரம் வீடு வாங்குவதையும் பள்ளியையும் வரியையும் சேர்த்துப் பேசும் பழக்கம் அமெரிக்காவில் உண்டு. அங்கே வீட்டு வரியின் பெரும் பகுதி அந்த வட்டாரப் பள்ளிகளுக்குப் போகிறது. பணக்கார வட்டாரத்தில் வரி குவியும், பள்ளி செழிக்கும். ஏழை வட்டாரத்தில் அதிக விகிதத்தில் வரி கட்டினாலும் பள்ளி தேயும். டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரத்துப் பெற்றோர் இதை எதிர்த்துத் தொடுத்த ரோட்ரிகஸ் வழக்கில், இந்த ஏற்றத்தாழ்வு அரசியலமைப்புக்கு முரணாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பொருளியல் அறிஞர் சான்ட்ரா பிளாக், மாசசூசெட்ஸில் பள்ளி எல்லைக்கோட்டின் இரு பக்கமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டு 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பள்ளியின் தேர்வு மதிப்பெண் ஐந்து விழுக்காடு கூடுதலாக இருந்தால் வீட்டுக்குப் பெற்றோர் சுமார் 2.5 விழுக்காடு அதிகம் கொடுத்தார்கள் என்று அவர் கண்டார். தெரு ஒன்று, மரம் ஒன்று, நடுவே பள்ளிக்கோடு மட்டும் ஓடுகிறது.

மலேசியாவில் அந்த இணைப்பு இல்லை. கல்வி கூட்டரசின் பொறுப்பு. ஆசிரியர் சம்பளம் கல்வி அமைச்சிலிருந்து வருகிறது. பெட்டாலிங் ஜெயாவில் நீங்கள் கட்டும் கதவு வரியில் ஒரு காசுகூட வகுப்பறைக்குப் போவதில்லை. அதிக வரி கட்டும் ஊரில் நல்ல பள்ளி இருக்கும் என்ற எண்ணம் இங்கே செல்லாது.

ஆனால் தமிழ்ப்பள்ளிக்கு வரும்போது இந்தத் தெளிவு கலங்குகிறது. நம் பள்ளிகளில் பெரும்பாலானவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். நிலம் தோட்டத்தின் பெயரிலோ தனியார் பெயரிலோ இருந்ததால் அரசு சம்பளத்தைக் கொடுக்கிறது, கட்டடத்தின் சுமை பள்ளி வாரியத்தின் தோளில் விழுகிறது. வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் விருந்து வைத்து, நன்கொடைச் சீட்டு விற்று, கோயில் வாசலில் நின்று பணம் திரட்டித்தான் மண்டபத்துக்குக் கூரை போடுகிறார்கள். தமிழ்ப் பெற்றோர் கட்டும் பள்ளி வரி அந்த நன்கொடைச் சீட்டுத்தான், எந்த மன்றத்தின் ரசீதிலும் அது வருவதில்லை.

மாநில எல்லை இங்கே ஓர் இடத்தில் நுழைகிறது. சிலாங்கூர் அரசு தன் நிதியிலிருந்து தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் மானியம் ஒதுக்குகிறது, வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் பேருந்துக் கட்டண உதவியும் கொடுத்திருக்கிறது. கோடு தாண்டிக் கோலாலம்பூருக்குள் அந்தப் பணம் வராது. கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளிகள் பதினைந்துதான். சிலாங்கூரில் நூறை நெருங்கும். தோட்டங்கள் எங்கே இருந்தன என்பதே இந்த எண்ணிக்கைகளுக்குக் காரணம்.

விடுதலை அடைந்த 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இன்று ஐந்நூற்று இருபதுக்குச் சற்று மேல். 2000களின் கடைசியில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த மாணவர் தொகை எண்பதாயிரம் அளவுக்கு இறங்கிவிட்டது. இந்தச் சரிவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கவில்லை. தோட்டத்திலேயே விடப்பட்ட பள்ளியில் பிள்ளைகள் இல்லை. நாடு முழுதும் 150க்குக் குறைவான மாணவர் உள்ள தமிழ்ப்பள்ளிகள் ஏராளம், முப்பதுக்கும் குறைந்தால் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. மறு பக்கம் கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்றாக நிரம்பி வழிகிறது. மக்கள் எங்கே வீடு வாங்கினார்களோ அங்கே பள்ளி போதவில்லை, எங்கிருந்து கிளம்பினார்களோ அங்கே பள்ளி காலியாகிவிட்டது.

புதிய தமிழ்ப்பள்ளிக்கு அனுமதி கிடைப்பது அரிது. ஆகவே பிள்ளை இல்லாத தோட்டப் பள்ளியின் உரிமத்தை மக்கள் பெருகிய தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பேட்டைக்கு, மாற்றுவது ஒரு வழியாக இருந்து வருகிறது. உரிமம் இருக்கும், நிலம் வேண்டும். வீடமைப்பு நிறுவனம் திட்டம் போடும்போதே பள்ளிக்கு நிலம் ஒதுக்கவில்லை என்றால் பிறகு கேட்டு வாங்குவது பத்தாண்டுப் போராட்டம். எல்லையோரத் தாமான்களில் இது இன்னும் கடினம், ஏனென்றால் இரண்டு ஆட்சிகளும் அந்தப் பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகளாக எண்ணுவதில்லை. கோலாலம்பூர்க் கல்வி இலாகா ஒன்று, சிலாங்கூர்க் கல்வி இலாகா வேறு. மாவட்டக் கல்வி அலுவலகங்களும் அதே கோட்டில்தான் பிரிகின்றன. கோட்டுக்கு இந்தப் பக்கம் முந்நூறு தமிழ்க் குடும்பம், அந்தப் பக்கம் முந்நூறு தமிழ்க் குடும்பம் என்று இருந்தாலும் இரண்டையும் சேர்த்து அறுநூறு என்று எழுதும் அலுவலகம் இல்லை.

தேசியப் பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் பதிவு செய்யும்போது வீட்டு முகவரியும் அருகாமையும் பார்க்கப்படுகின்றன. தமிழ்ப்பள்ளியைப் பொறுத்தவரை பெற்றோரின் விருப்பத்துக்கு இடம் அதிகம், தொலைவிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அந்தச் சுதந்திரத்துக்கு விலை பள்ளி வேன். மாதம் 150 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பிள்ளைகளுக்கு 300, பத்து மாதத்துக்கு 3,000. எல்லைக்கு அப்பால் போய் மதிப்பீட்டு வரியில் மிச்சப்படுத்திய சில நூறு வெள்ளி வேன்காரருக்குக் கொடுக்கும் ஓரிரு மாதக் கூலியிலேயே தீர்ந்துவிடும். பணத்தைவிட நேரம் பெரிது. ஆறு மணிக்கு முன்பே வேனில் ஏறும் ஏழு வயதுப் பிள்ளை முதல் பாடத்திலேயே தூங்கி விழும். இரண்டு ஆண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் தேசியப் பள்ளிக்கு மாற்றிவிடும் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழை வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் அல்லர் அவர்கள். வீடு வாங்கும்போது தூரத்தை அளக்க மறந்தவர்கள்.

தொடக்கப்பள்ளியோடு விஷயம் முடிவதில்லை. பதின்மூன்று வயதில் பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போகிறது. மலாயில் போதிய தேர்ச்சி இல்லாதவர்களுக்கு நடுவில் ஓராண்டுப் புதுமுக வகுப்பு. இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே. அதுவும் எல்லாப் பள்ளியிலும் இல்லை. குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது.

இந்தப் பதினைந்து என்ற எண்தான் வீடு வாங்குபவர் மனத்தில் பதிய வேண்டியது. எந்த இடைநிலைப் பள்ளிக்குப் பிள்ளை அனுப்பப்படும் என்பது பெரும்பாலும் வீடும் தொடக்கப்பள்ளியும் இருக்கும் வட்டாரத்தைப் பொறுத்தது. தமிழ்க் குடும்பங்கள் அடர்ந்த கிள்ளான் வட்டாரத்தில் பதினைந்து பேரைச் சேர்ப்பது பெரிய காரியம் இல்லை. எல்லையோரத்துப் புதிய தாமானில், கதவு பூட்டிய அடுக்குமாடியில் ஒன்றிரண்டாகச் சிதறி வாங்கியவர்களின் பிள்ளைகள் மூன்று வெவ்வேறு பள்ளிக்குப் பிரிகிறார்கள். ஒரு பள்ளியில் ஆறு பேர், இன்னொன்றில் எட்டுப் பேர், மற்றொன்றில் பதினொரு பேர். கூட்டினால் இருபத்தைந்து. எங்கேயும் பதினைந்து இல்லை, அதனால் கேட்கும் உரிமையும் இல்லை. ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் தமிழை எழுதாமல் போவதற்குப் பல காரணம் சொல்வோம். வீடு இருக்கும் இடம் அவற்றில் ஒன்று என்பதை நாம் பேசுவதே இல்லை.

வேலைக்கோட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குக் கொமுட்டர் ரயில் பழைய பாதையின் வழியிலேயே ஓடுகிறது. காஜாங்குக்கு 2017 முதல் எம்ஆர்டி ரயில் முழுத்தடத்தில் இயங்குகிறது. கூட்டரசு நெடுஞ்சாலையின் இரண்டு டோல் சாவடிகளும் 2018 தொடக்கத்தில் அகற்றப்பட்டன. ரயில் நிலையத்துக்கு அருகில் இருந்தால் எல்லை தாண்டிய வீடும் அருகில் வந்துவிடும்.

இந்த மூன்று கோடுகளோடு வெள்ளத்தைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய பெருவெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. ஷா ஆலாம் மாநகர் மன்றத்துக்கு உட்பட்ட அந்தத் தாமான் கிள்ளானை ஒட்டி, கிள்ளான் ஆற்றோரத் தாழ்நிலத்தில் இருக்கிறது. தமிழர்கள் ஏராளமாக வாழும் இடம். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய வீட்டின் மேல்மாடியில் இரண்டு இரவு நின்று உதவிக்குக் குரல் கொடுத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். கோலாலம்பூரில் பெய்யும் மழையும் அந்த ஆற்றின் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. மேல்நிலத்தில் இருக்கும் மன்றத்தில் வரி கட்டுபவர் ஒருவர், கீழ்நிலத்து மன்றத்தில் தண்ணீரை வாங்கிக்கொள்பவர் வேறொருவர். எல்லையோர வீடு மலிவாகக் கிடைத்தால் நில மட்டத்தையும் பக்கத்து வாய்க்காலையும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சுவரில் பழைய நீர்க்கறை இருக்கிறதா என்று புது வண்ணத்துக்கு அடியிலும் பாருங்கள். பத்து ஆண்டாக அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவரிடம் கேளுங்கள்.

நான் இவ்வளவு நேரம் தேர்ந்தெடுக்க முடிந்தவர்களைப் பற்றியே எழுதியிருக்கிறேன். தோட்டத்திலிருந்தும் புறம்போக்குக் குடியிருப்புகளிலிருந்தும் வெளியேற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அந்த வாய்ப்பு இருந்ததில்லை. 42,000 வெள்ளிக்கு ஒதுக்கப்பட்ட மலிவு விலை அடுக்குமாடியில் எந்த மாடி, எந்த ஊர் என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. பள்ளி அருகில் இருக்கிறதா என்று அந்தக் குலுக்கலில் யாரும் கேட்கவில்லை. வீட்டை ஒதுக்கிய ஆட்சிக்கும் பள்ளியை நடத்தும் அமைச்சுக்கும் பேச்சுவார்த்தை நடந்ததாகத் தெரியவே இல்லை. குடும்பத்தை ஓரிடத்திலும் பள்ளியை வேறிடத்திலும் வைத்துவிட்டு, தமிழ்ப்பள்ளியில் மாணவர் குறைகிறார்கள் என்று புள்ளிவிவரம் வெளியிடுவது நியாயமாகாது. வீடமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுக்கும்போதே பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் இருக்கைக் கணக்கையும் பள்ளி நிலத்தையும் சேர்த்துப் பார்க்கச் சிலாங்கூர் அரசும் கூட்டரசு பிரதேச இலாகாவும் கல்வி அமைச்சும் ஒரே மேசையில் அமர வேண்டும். செராஸும் கெப்போங்கும் அம்பாங்கும் அந்த மேசைக்கு வரவேண்டிய முதல் ஊர்கள்.

வாங்குபவருக்கு என் வேண்டுகோள் இது. முகவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முந்தைய வாரத்தில் ஒரு நாள் விடுப்பு எடுங்கள். வீட்டிலிருந்து பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்குக் காலை ஆறரை மணிக்குக் காரில் போய்ப் பாருங்கள், நள்ளிரவில் பார்த்த தூரம் கணக்காகாது. தலைமையாசிரியரைக் கண்டு முதலாம் ஆண்டில் எத்தனை இடம் இருக்கிறது என்றும், ஆறாம் ஆண்டு முடித்தவர்கள் எந்த இடைநிலைப் பள்ளிக்குப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். பிறகு அந்த இடைநிலைப் பள்ளிக்கே போய், தமிழ் படிப்பவர்கள் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். பதின்மூன்று என்று சொன்னால், அதே தாமானில் வீடு பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு தமிழ்க் குடும்பத்தைத் தேடிப் பிடித்து அவர்களையும் அங்கேயே வாங்கச் சொல்லுங்கள்.